ஏரிக்கரையில் ஓட வருகிறவர்களுக்கு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓடும் அத்தனை பேருக்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களை ஒன்றுசேர்க்கும் ஓட்டக் குழுக்களுக்கும் இந்த மடல்.

மாலை 6 மணி தொடங்கி மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகள் நுழையாத ஒரு சாலை எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது? பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் தாண்டி, ஒரு பக்கம் கருங்கல் பாறைகளில் அலை மோத, மறுபக்கம் பழைய பிரெஞ்சுக் கட்டடங்கள் இருட்டிலிருந்து மெல்ல வெளியே வர, ஓடுகிற அனுபவம் குறைசொல்லக் கூடியதல்ல. குறை நீளத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 10 கிலோமீட்டர் ஓட ஆறேழு முறை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும். மாரத்தானுக்குத் தயாராகிறவர் 30 கிலோமீட்டர் ஓட நினைத்தால் இருபது முறை. ஏழரை மணி ஆனதும் பைக்குகள் நுழைந்துவிடும்.

அதனால் நீண்ட தூரம் ஓட வேண்டிய நாட்களில் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலூர் சாலைக்கும் போகிறார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில், சாலையோர வெள்ளைக் கோட்டை ஒட்டி, எதிரே வரும் முகப்பு விளக்குகளில் கண் கூச ஓடுகிறார்கள். உடம்பைக் காக்க எடுக்கிற முயற்சிக்கு இவ்வளவு ஆபத்தான இடம் வேண்டியதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்புங்கள் என்று கேட்கவே இந்த மடல். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்களில் ஏரிக்கரைகளும் வாய்க்கால் கரைகளும் நிறைய இருக்கின்றன. அங்கே ஓடலாம். எப்படி ஓட வேண்டும், எப்போது ஓடக்கூடாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிராமப்புறத்தில் ஓடத் தகுந்த வழியைத் தேடுகிறவர் வரைபடத்தைத் திறந்ததும் சாலைகளைத்தான் தேடுவார். சாலையை விட்டுவிட்டு நீர் போகும் வழியைத் தேடிப் பார்த்தால் வேறொரு ஊர் தெரியும். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் கணக்கில் இருக்கின்றன. மொத்தப் பரப்பே 300 சதுர கிலோமீட்டரை எட்டாத ஒரு பகுதிக்கு இது பெரிய எண்ணிக்கை. ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கரை, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்து வாய்க்கால், கலங்கலைத் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகும் ஓர் உபரிநீர் வாய்க்கால், மதகிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் கிளைகள். இவை எல்லாவற்றின் ஓரமாகவும் மனிதன் நடக்க ஒரு தடம் உண்டு. தடம் இல்லாமல் வாய்க்காலைப் பராமரிக்க முடியாது.

இந்தத் தடங்கள் ஓட்டக்காரருக்கு ஏன் பொருந்துகின்றன என்பதற்குக் காரணம் எளிது. தண்ணீர் தானாகவே இறங்கிப் போக வேண்டும், ஆனால் கரையை அரித்துக்கொண்டு ஓடக்கூடாது. ஆகவே வாய்க்கால் வெட்டியவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவைத்தான் கொடுத்தார்கள். அதன் கரையில் ஓடுகிறவருக்கு மூச்சு வாங்கும் ஏற்றம் இல்லை, முழங்காலை இடிக்கும் இறக்கமும் இல்லை. கரை மண்ணால் ஆனது. தார்ச்சாலைபோல முந்தின நாள் வெயிலை வைத்திருந்து அது திருப்பித் தருவதில்லை. கரையில் மண் சரியாமல் பிடிக்கப் பனை நட்டிருக்கிறார்கள். கார் போக முடியாத அகலம் என்பதால் ஹாரன் சத்தமும் இல்லை.

புதுச்சேரி நகரமே இப்படியொரு நீர்வழியின் பிள்ளை. பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாத ஓட்டக்காரர் இருக்க மாட்டார். தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது அது. முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்த நீருக்கு மூலமான குளத்தை வெட்டியவளாக ஊர் வழக்கு சொன்ன பெண்ணின் பெயரையே மண்டபத்துக்கு வைத்தார்கள். நகரத்துக் குழாய்களுக்கு அன்று தண்ணீர் வந்த அந்த வழி முழுக்க இன்று வீடுகளும் கடைகளும் போக்குவரத்து விளக்குகளும்தான். நகரம் மேற்கே வளரும்போது நீர்வழிகள் எப்படி மறைகின்றன என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மறையாமல் இருப்பதில் சிறந்தது பாகூர்.

நகரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும் ஊர். பழைய பெயர் வாகூர். இங்கே கிடைத்த பல்லவர் செப்பேடு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிருபதுங்கவர்மன் காலத்தில் வாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தியை அது சொல்கிறது. கல்விநிலையத்துக்கு ஊரைக் கொடுப்பது என்றால் அந்த ஊரின் விளைச்சலைக் கொடுப்பது. விளைச்சல் வேண்டுமானால் ஏரி வேண்டும். மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளோடு, அந்தப் பகுதியைச் சில காலம் ஆண்ட இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தவையும் இருக்கின்றன. கல்வெட்டில் அவன் பெயர் கன்னரதேவன். பல்லவர், இராட்டிரகூடர், சோழர், பிறகு பிரெஞ்சுக்காரர் என்று ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்த ஊரில் ஏரியும் வயலும் மட்டும் தம் வேலையைத் தொடர்ந்து செய்துவந்தன. உங்கள் காலடியில் இருக்கப்போவது அப்படிப்பட்ட மண்.

பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி. அதற்குத் தண்ணீர் தென்பெண்ணையாற்றிலிருந்து வருகிறது. ஆற்றின் குறுக்கே சொர்ணாவூரில் ஓர் அணைக்கட்டு. அது தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே பிரியும் பங்காரு வாய்க்கால் எல்லையைத் தாண்டிப் பாகூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகள் இருவரின் பெயரோடு இந்த வாய்க்காலைச் சேர்த்துக் கதை சொல்கிற பெரியவர்கள் இன்றும் பாகூரில் உண்டு. நகரத்துக்கு ஓர் ஆயி, பாகூருக்கு இந்தச் சகோதரிகள். புதுச்சேரி தன் தண்ணீரை நினைக்கும்போதெல்லாம் பெண்களின் பெயரைத்தான் சொல்கிறது.

ஓட்டக்காரருக்கு இந்த வாய்க்கால் ஒரு முழுப் பாடத்திட்டம். ஏரிக்கரையில் ஓடத் தொடங்குகிறவர், சில வாரங்கள் கழித்து வரத்து வாய்க்காலைப் பிடித்து மேற்கே நகரலாம். ஒவ்வொரு வாரமும் இன்னும் ஒரு மதகு, இன்னும் ஒரு கல்பாலம் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒருநாள் ஆற்றங்கரையைத் தொட்டுவிடலாம். கைக்கடிகாரம் காட்டும் கிலோமீட்டரைவிட, ‘இன்றைக்கு மூன்றாவது மதகு வரைக்கும் போனேன்’ என்று சொல்வதில் கூடுதல் திருப்தி உண்டு. வழியெல்லாம் பருவம் மாறுவது கண்ணில் படும். சம்பா நாற்றின் இளம்பச்சை, கதிர் முற்றும்போது வரும் பழுப்பு மஞ்சள், அறுவடைக்குப் பின் உளுந்து முளைத்த வயல், அடுத்து நவரை, கோடையில் சொர்ணவாரி. நகரத்துப் பூங்காவில் ஓடுகிறவருக்கு ஜனவரியும் ஜூனும் வெயிலில் மட்டும்தான் வேறுபடும்.

இன்னொன்று. பாகூர் போகிற வழியில் நீங்கள் மாநிலம் விட்டு மாநிலம் போய்வருவீர்கள். கடலூர் சாலையில் ரெட்டிச்சாவடியைக் கடக்கும்போது அது தமிழ்நாடு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் அல்ல, தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பல துண்டுகள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டும் பேரம்பேசியும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டதன் தழும்பு அது. ஒரே காலை ஓட்டத்தில் நாலு முறை எல்லை தாண்டினாலும் யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை. எல்லையைக் காட்டுபவை மதுக்கடைகளும் பெட்ரோல் பங்குகளும் பஸ்ஸின் நிறமும்தான்.

அந்த எல்லைகளின் கதை முடிவுக்கு வந்த இடமும் ஒரு சிற்றூர்தான், நகரமல்ல. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. அந்த நாளில் ஆண்டுதோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள். மற்ற நாட்களில் அங்கே போகிறவர் குறைவு. வில்லியனூரில் தொடங்கி, வயல்களின் நடுவே கிராமச் சாலைகளைப் பிடித்துக் கீழூரைத் தொட்டுத் திரும்புவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமான தூரம். புதுச்சேரியில் ஓடுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அந்த இடம்வரை தம் காலால் போயிருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் தெரிந்த தேதிக்கு, புழுதியும் புளியமர நிழலும் உள்ள ஒரு முகவரி இருக்கிறது.

வில்லியனூரிலேயே வேறு திசையில் போனால் சங்கராபரணி ஆறும் அதன் கரையில் திருக்காஞ்சிக் கோயிலும் வரும். திருக்காமீசுவரர் கோயில் தேரோட்ட நாட்களில் மட்டும் வில்லியனூரைத் தவிர்த்துவிடுங்கள். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த மரபு துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிற பெரிய திருவிழா அது. அன்றைக்கு அந்த வீதிகளில் ஓட இடமிருக்காது.

ஊசுட்டேரியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். சுமார் 800 ஹெக்டேர் பரப்பு. கிட்டத்தட்ட சரிபாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 2008இல் புதுச்சேரி தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் கூழைக்கடாவும் நாரையும் நீர்க்கோழியும் வாத்து வகைகளும் அங்கே திரண்டிருக்கும். இதனாலேயே ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தில் ஊசுட்டேரியைக் கூட்டமாக ஓடும் இடமாக ஆக்காதீர்கள். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியலில் நீரில் ஒதுங்கி நிற்கும் வாத்துக் கூட்டம், கரையில் வரும் ஐம்பது பேரின் சத்தத்தில் கலைந்து பறந்தால், அது சேர்த்துவைத்த வலுவைத்தான் செலவழிக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உயிர் அது. இரண்டு மூன்று பேராக, பேச்சைக் குறைத்து, பாட்டுப் பெட்டி இல்லாமல் போகலாம். பெரிய குழு பிரிந்து ஓட வேறு 83 ஏரிகள் இருக்கின்றன.

வடக்கே, ஆரோவில்லின் செம்மண் பாதைகளை நீங்கள் அறிவீர்கள். 1968 பிப்ரவரி 28 அன்று அந்த நகர் தொடங்கியபோது அது அரித்துப்போன மேட்டுநிலம். மழைநீர் செம்மண்ணை வாரிக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வரப்பு கட்டி, குட்டை வெட்டி, உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை நட்டு, அங்கே நிழலை வளர்த்தெடுத்தார்கள். அந்த நிழலில் 2008 முதல் ஆரோவில் மாரத்தான் நடந்துவருகிறது. முழு மாரத்தான், அரை மாரத்தான், 10 கிலோமீட்டர் என மூன்று தூரங்கள். பரிசு இல்லை, முதலிடம் இல்லை, போட்டி இல்லை. காட்டுத் தடமும் கிராமத் தெருவும் கலந்த பாதையில் ஓடி முடிப்பதே போதும் என்ற எண்ணத்தோடு தொடங்கிய நிகழ்ச்சி அது. இந்தியாவின் பெருநகர மாரத்தான்கள் விளம்பரப் பதாகைகளுக்குள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், இப்படி ஒன்றைத் தொடங்கியவர்களின் துணிவு பாராட்டுக்குரியது. அங்கிருந்து நீங்கள் எடுத்துவர வேண்டியது அந்தப் போட்டியின்மையைத்தான். அதே கூட்டத்தை அப்படியே பாகூருக்கு இறக்கிவிட்டால் கெடுதல்தான் மிஞ்சும். ஆயிரம் பேருக்கான ஏற்பாடுகளோடு ஆண்டுக்கு ஒரு நாள் காட்டுப்பாதையில் நடப்பதற்கும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய வாய்க்கால் கரையில் வாரந்தோறும் ஓடுவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

அந்த வேறுபாட்டின் மையம் உழைப்பு. நகரத்தில் விடியற்காலை ஐந்தரை மணி என்பது ஓய்வு நேரம், எழுந்து ஓடுகிறவர் அதைத் தனக்காக எடுத்துக்கொள்கிறார். கிராமத்தில் அது வேலை நேரம். ஏரிக்கரையில் உங்களுக்கு முன்பே ஆள் இருப்பார். பனையேறியும் தென்னையேறியும் சைக்கிளில் பானையோடு வருவார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. புதுச்சேரியில் அனுமதி உண்டு. ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கம் பாளை சீவும் தொழில் இன்னும் பகிரங்கமாக நடக்கிறது. கறவை மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள், மதகைத் திறந்து மூடப் போகிறவர், பால் கேன் கட்டிய வண்டிக்காரர், மீன் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் என்று பலருடைய வேலைநாள் அந்தக் கரையில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் மண்வெட்டியும் கூடையுமாக 100 நாள் வேலைக்குப் பெண்கள் வருவார்கள். நீங்கள் ஓடுகிற தடத்தில் முள் இல்லையென்றால், வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைக்காமல் தண்ணீர் போகிறதென்றால், பெரும்பாலும் அந்தக் கைகளின் வேலை அது.

எதிரே தலைச்சுமையோடு ஒருவர் வந்தால் ஓட்டக்காரர்தான் ஒதுங்க வேண்டும். கரை குறுகலாக இருந்தால் நின்றுவிட வேண்டும். கடிகாரத்தில் நேரம் ஓடுகிறதே என்று சுமைக்காரரைச் சரிவில் இறங்கவைப்பது அநாகரிகம். வயதானவரைக் கண்டால் ‘வணக்கம் ஐயா’, பெண்களைக் கண்டால் ‘வணக்கம்மா’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். முதல் வாரம் ‘எங்கேருந்து வர்றீங்க, எதுக்கு ஓடுறீங்க’ என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் உங்களுக்காக நாயை அதட்டுவார்கள்.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் கிராம ஓட்டத்தைப் பேச முடியாது. ஊருக்குள் நுழையும் இடத்திலும், தோப்பு வீட்டு வாசலிலும், ஓடி வருகிற உருவத்தைக் கண்டால் நாய் குரைத்துத் துரத்தும். அது அதன் கடமை. அங்கே நடந்து போனால் போதும், பெரும்பாலும் விட்டுவிடும். பாம்பு வேறு விஷயம். எலி வளை நிறைந்த கரைகளில் கண்ணாடி விரியன் உண்டு. இருட்டில் தலைவிளக்கு இல்லாமல் வயல்வெளித் தடத்தில் ஓடவே கூடாது. காதில் பாட்டு வேண்டாம். விரியனின் சீறல் உரக்கக் கேட்கும், கேட்கும்படி காதைத் திறந்து வைத்திருந்தால். கடித்துவிட்டால் கயிறு கட்டி இறுக்குவது, கீறுவது எல்லாம் தீங்கு. கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாமல் வண்டியில் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே தனியாகப் போகாதீர்கள், ஒரு வண்டியைக் கரையின் ஒரு முனையில் நிறுத்தி வையுங்கள்.

பெண்கள் தனியே ஓட அஞ்சுவதற்கு நாயும் பாம்பும் மட்டும் காரணமல்ல என்பதை ஆண் ஓட்டக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆளரவமற்ற வழி என்பது ஒருவருக்கு அமைதி, இன்னொருவருக்கு அச்சம். குழுவாகப் போகும்போது வேகமாக ஓடுகிறவர்கள் முன்னே மறைந்துவிடாமல், கடைசி ஆளின் வேகத்துக்குத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வது இந்தப் பாதைகளில் பாதுகாப்பு விதி. அந்த ஊர்களிலேயே ஓடுகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் கிராமச் சாலைகளில் விடியலில் ஓடுவது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வழக்கமான காட்சி. பலருக்கு நல்ல ஷூ கிடையாது. நகரத்துக் குழுவின் பயிற்சி அறிவும் கடிகாரமும் அவர்களுக்குப் பயன்பட்டால், இந்தப் பாதைகள் வாரக்கடைசிப் பொழுதுபோக்கைத் தாண்டிப் பொருள்படும்.

ஓடக்கூடாத நாட்களும் உண்டு. தை மாதம் சம்பா அறுவடையின்போது கிராமச் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், வைக்கோல் பரப்பியிருப்பார்கள், அறுவடை மெஷினும் டிராக்டரும் வந்துபோகும். காயும் நெல்லின் மேல் ஷூக்காலோடு ஓடுவதைப்போல ஊரைப் புண்படுத்தும் செயல் வேறில்லை. அந்த வாரங்களில் சாலையை விட்டு ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்கு நேர்மாறு. புதுச்சேரியின் மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. கரை ஊறியிருக்கும்போது பலர் மிதித்தால் மண் இளகும், சரியும். அப்போது ஏரிக்கரையை விட்டுச் சாலைக்கு வந்துவிட வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நகரம் மூழ்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. அந்த நாட்களில் ஒரு கரை உடைகிறதா நிற்கிறதா என்பதுதான் ஊரின் தலையெழுத்து. எலி வளை, நண்டு வளை, மண் எடுத்த பள்ளம், வேலிக்காத்தான் வேர் விட்ட வெடிப்பு என்று கரை உடைவதற்கான காரணங்கள் மழைக்கு முன்பே அங்கே இருக்கும். வாரந்தோறும் அந்த வழியே ஓடுகிறவரின் கண்ணில் அவை படாமல் போகாது.

பிரெஞ்சு ஆட்சியில் ஏரிகளைப் பராமரிக்க விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. இணைப்புக்குப் பிறகு அந்தப் பொறுப்பு பொதுப்பணித் துறைக்குப் போனது. தூர் மேடிட்டது, ஆழ்துளைக் கிணறு பெருகியது, ஏரியை நம்பியிருந்தவர்கள் குறைந்தார்கள். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, கிராமங்களில் மீண்டும் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. தூர் வாரினார்கள், கரையை உயர்த்தினார்கள், மதகுகளைச் சீராக்கினார்கள். திட்டம் முடிந்தது. ஒரு கரை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க யாராவது தினம் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தேவை முடியவில்லை. நடப்பவர் குறைந்த கரையில் முதலில் முள் ஏறும், பிறகு குப்பை ஏறும், கடைசியில் கட்டடம் ஏறும். ஓடுகிறவர்களின் கால் அங்கே பட வேண்டும் என்று இந்த மடல் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

தண்ணீருக்காக வெட்டிய வழி மனிதர் நடக்கும் வழியாகவும் ஆகி, அதனாலேயே கவனிப்பைப் பெற்றதற்கு பிரான்ஸிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தென்பகுதியில் துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் போகும் கனால் து மிதி 1681இல் முடிந்த கால்வாய். நீளம் சுமார் 240 கிலோமீட்டர். குதிரைகள் படகை இழுத்துச் செல்லக் கரையில் போட்ட தடத்தில் இன்று மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிளில் போகிறார்கள். 1996இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2006இல் கரையோர மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கத் தொடங்கி, பல்லாயிரம் மரங்களை வெட்ட நேர்ந்தபோது, நாடே அதைப் பேசியது. புதிய மரக்கன்றுகள் வைக்கப் பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். அந்தக் கரையைக் காலால் அறிந்தவர்கள் ஏராளம் என்பதால் வந்த அக்கறை அது. பங்காரு வாய்க்கால் ஓரத்துப் பனைகளுக்கும் அப்படிப் பேச ஆள் வேண்டும். செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் பனை வெட்டுப்படும்போது கணக்குத் தெரிந்தவர்கள் கேட்டால்தான் அதற்கு வலு.

ஓட்டக் குழுக்களை நடத்துகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ஊருக்குப் பகலில் ஒரு முறை போய், ஏரிச் சங்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். எந்தக் கரை உறுதியாக இருக்கிறது, எந்த மாதம் வேண்டாம், எங்கே கழிப்பறை, எங்கே தண்ணீர் என்று அவர்களைக் கேளுங்கள். ஒரு கரைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் தம்ளர் வேண்டாம், ஆளுக்கொரு பாட்டில் போதும். பனையில் அம்புக்குறி அடித்த பலகையை ஆணியால் அறையாதீர்கள். பாதையின் வரைபடத்தைப் பகிரும்போது, எந்த இடத்தில் கரை பலவீனமாக இருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது என்பதையும் குறித்து, ஆண்டுக்கு ஒரு முறை செப்டம்பரில், மழைக்கு முன்பாக, கொம்யூன் பஞ்சாயத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். தேதியும் இடமும் புகைப்படமும் உள்ள அப்படி ஒரு தாள், ஓட்டப் போட்டி நடத்திச் சேர்க்கும் பெயரைவிட ஊருக்குப் பயன்படும். காலையில் ஓடி முடித்ததும் உடனே காரில் ஏறிவிடாமல், அந்த ஊர் டீக்கடையிலேயே இட்லியோ பூரியோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தொடங்குவதற்குப் பாகூர் நல்ல இடம். பொங்கல் முடிந்து, களத்துமேட்டு நெல் வீட்டுக்குப் போன பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு மூலநாதர் கோயில் எதிரே பத்துப் பேர் கூடினால் போதும். தலைவிளக்கு, தண்ணீர், ஒரு பழைய துண்டு. ஏரிக்கரையில் ஏறி முதல் மதகு வரை நடந்து, வெளிச்சம் வந்த பின் அங்கிருந்து ஓடத் தொடங்கலாம்.